மாம்பழம் வேண்டாம், அவரைப்பூ தைக்கிறேன்

கிருஷ்ணகிரி,
மார்கழி மாதம்.

அன்புள்ள கும்பகோணத்தாளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும் கூடவே வந்த துணிப் பொட்டலமும் கிடைத்தன. பொட்டலத்தைப் பிரித்ததும் எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னும் கந்தலா?" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றதிலிருந்து அவர் நாள் முழுக்க டிவி விவாதம் பார்க்கிறார், நான் ஏதாவது கேட்கிறேனா?

பெரியவன் ஓசூரில் அதே கம்பெனியில்தான் இருக்கிறான். ஷிப்ட் மாறி மாறி வருவதால் அவனைப் பார்ப்பதே அபூர்வம். சின்னவள் பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி வருவாள், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவாள். இந்த வருஷம் பனி நன்றாகவே இறங்குகிறது. காலையில் மாடிக்குப் போனால் மலைக்கோட்டை இருக்கும் இடமே தெரிவதில்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேட்கவே வேண்டாம். என் முழங்கால் பற்றி நீ விசாரித்திருந்தாய். அது இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் தையல் கூட்டத்துக்கு நீ போட்ட திட்டம் பிடித்திருக்கிறது. ஆளுக்கு ஒரு சதுரம், பன்னிரண்டு அங்குலம். அவரவர் ஊரை அதில் தைத்து, அந்த ஊர்ச் சமையல் ஒன்றைக் கைப்பட எழுதிக் கூடவே அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் நீ ஒட்டி ஒரே போர்வையாக்கிவிடுவாய். இதுவரைக்கும் நல்லது. ஆனால் பட்டியலில் என் பெயருக்கு நேரே "மாம்பழம், மாங்காய்ப் பச்சடி" என்று நீயாகவே எழுதிவிட்டாயே, அதுதான் உறுத்துகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் விட்டிருப்பேன். இந்தப் பக்கத்துப் பாலக்கோட்டில் பிறந்து வளர்ந்தவள் எழுதலாமா, சொல்லு.

நான் மாம்பழம் தைக்கப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள்.

முதலில் தையல் கணக்கு. மாங்காய் டிசைன் இல்லாத சேலை தமிழ்நாட்டில் உண்டா? காஞ்சிபுரத்துப் பட்டிலிருந்து தெருவில் வரும் பூனம் சேலைவரை எல்லாவற்றிலும் மாங்காய்தான். அதையே நான் சதுரத்தில் வைத்துத் தைத்தால் "கிருஷ்ணகிரி" என்று யார் சொல்வார்கள்? சேலையிலிருந்து வெட்டி ஒட்டியது என்பார்கள்.

அப்புறம் சாப்பாட்டுக் கணக்கு. எங்கள் ஊர் மாந்தோப்பில் பெரும்பாலும் நிற்பது பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. அது மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகிற காய். சீசனில் ரோட்டில் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்கும். கூழாகி, டப்பாவிலும் பீப்பாயிலும் அடைபட்டு வெளிநாட்டுக்குக் கப்பலேறிவிடும். காய்ப்பு கூடினால் விலை விழும், விலை இருக்கும் வருஷம் காய்ப்பு இருக்காது. வருஷா வருஷம் இதே பஞ்சாயத்துதான். ஆனியை ஒட்டி மாங்கனிக் கண்காட்சி நடக்கும்போது நாங்களும் போய் விதவிதமான பழங்களை வேடிக்கை பார்ப்போம், வீட்டுக்கு அல்போன்சாவோ செந்தூராவோ இரண்டு கிலோ வாங்கி வருவோம். மாம்பழம் எங்களுக்குப் பிழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் தினமும் தட்டில் விழுவதுதான் ஊர்ச் சமையல் என்றால் அது வேறு.

தருமபுரிக்கு நெல்லிக்கனி வைக்கலாமா என்று அடிக்குறிப்பில் கேட்டிருந்தாய். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லி, கதை அருமைதான். ஆனால் பச்சையாக, வட்டமாக ஒன்றைத் துணியில் தைத்துப் பார். சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். தவிர தருமபுரி வேறு, கிருஷ்ணகிரி வேறு என்று இரண்டு சதுரம் எதற்கு? 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். 2004-இல்தான் இதைத் தனியாகப் பிரித்தார்கள். பிரித்ததில் ஆபீசும் முத்திரையும் மாறின, அடுப்பில் ஒன்றும் மாறவில்லை. அங்கேயும் களிதான், இங்கேயும் களிதான்.

அதனால் என் சதுரத்தில் ராகியும் அவரையும்தான் வரும். அவரைப்பூ முன்னால், ராகிக் கதிர் பின்னால்.

உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் போர்வையைப் பார்க்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராகி விதைக்கும்போதே சில உழவுசால் விட்டு ஒரு சால் அவரை போட்டுவிடுவார்கள். ராகி நிற்கும்வரை அவரை அடங்கி இருக்கும். கதிர் அறுத்து முடித்ததும் கொல்லையே காலி என்று தோன்றும், அதற்கப்புறம்தான் அது ஆட்டத்தைத் தொடங்கும். தாள் மேலெல்லாம் படர்ந்து, மழை நின்ற பிறகும் பனி ஈரத்திலேயே தழைத்து, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். காயின்மேல் ஒரு பிசுபிசுப்பு இருக்குமே, அதில்தான் வாசனையே. பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. சந்தையில் வாங்குகிறவள் முதலில் ஒரு காயை எடுத்து மூக்கருகே கொண்டுபோவாள், அப்புறம்தான் விலை கேட்பாள். வாசனை இல்லாத காய் மாட்டுக்குக்கூட வேண்டாம் என்று என் மாமியார் சொல்வார். அவர் கொஞ்சம் கறார்.

இந்தக் கொட்டையை அப்படியே போட்டும் குழம்பு வைப்போம். ஆனால் நான் எழுதி அனுப்பப்போவது பிதுக்குப் பருப்பு. முற்றின பச்சைக் கொட்டையை உரித்து ராத்திரி தண்ணீரில் போட்டுவிடு. காலையில் தோல் உப்பித் தளர்ந்திருக்கும். ஒரு கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக ஒரு அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும், தோல் விரலோடு நிற்கும். பாத்திரத்தைப் பார்த்து அழுத்த வேண்டும், இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவள் முகத்தில் போய் அடிக்கும். ஒரு படி பிதுக்கத் தனியாளாக உட்கார்ந்தால் விரல் நுனி சுருங்கிப்போகும். அதனால்தான் தெருவில் நாலு பேர் கூடினால்தான் அந்த வேலை நடக்கும். இப்போது பிதுக்கின பருப்பாகவே ரோட்டோரம் விற்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் வாங்கிப் போகிறார்கள், நல்லதுதான். பெங்களூரில் இதற்கென்று மேளாவே நடக்கிறதாம். அவரை தோசை சரி, அவரை ஜிலேபியும் உண்டு என்கிறாள் சின்னவள். ஜிலேபி சாப்பிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

குழம்பு இப்படி. நாலு பேருக்கு இரண்டு டம்ளர் பிதுக்கின பருப்பு போதும். வாணலியில் எண்ணெய் விட்டு ஒரு கை சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, சின்னத் துண்டு இஞ்சி, இரண்டு ஸ்பூன் தனியா, ஆறேழு காய்ந்த மிளகாய், துளி பட்டை, இரண்டு கிராம்பு எல்லாவற்றையும் வதக்கு. அரை மூடித் தேங்காய், அரை ஸ்பூன் கசகசா, ஒரு பிடி கொத்தமல்லித்தழை சேர்த்து மைய அரைத்து வை. சட்டியில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு வெங்காயமும் இரண்டு தக்காளியும் மசிய வதக்கிப் பருப்பைப் போடு. மஞ்சள்தூள் போட்டு, முங்கத் தண்ணீர் விட்டு வேகவிடு. முக்கால் பதம் வெந்ததும் அரைத்ததையும் உப்பையும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு இறக்கு. குக்கர் மட்டும் வேண்டாம். ஒரு விசில் கூடினாலும் பருப்பு கரைந்து சாம்பாராகிவிடும். விரலில் எடுத்தால் நசுங்க வேண்டும், சட்டியில் முழுசாக நிற்க வேண்டும். சிலர் புளி கரைத்து ஊற்றுவார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு புளி எதற்கு என்பது என் கட்சி. கறி போட்டுச் சமைக்கிறவர்களும் உண்டு, அது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு.

இதற்குக் களிதான் ஜோடி. உன் மருமகள் களி கிண்டத் தெரியாது என்றாளாமே, அவளுக்குப் படித்துக் காட்டு. நாலு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது ஒரு பிடி நொய்யரிசி போட்டு அது குழையட்டும். இரண்டு டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டிக் களிக்கோலால் நடுவே ஒரு குழி போடு. கிளறக்கூடாது, இங்கேதான் புதுசாகச் செய்கிறவர்கள் அவசரப்படுவார்கள். தணலைக் குறைத்து மூடி வைத்தால் தண்ணீர் குழி வழியே மேலே கொதித்து வந்து மாவு முழுக்க வேகும். பத்து நிமிஷம் கழித்து இறக்கி, பாத்திரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். கட்டி தட்டாமல் திரண்டு வந்ததும் ஈர விரலால் தொட்டுப் பார், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஈரத் தட்டில் கவிழ்த்துக் கையை நனைத்துக்கொண்டு உருட்டு. மெல்லாமல் விழுங்குவது பற்றி மருமகளிடம் இப்போதே சொல்லாதே, பயந்துவிடுவாள்.

ரேஷனிலும் ராகி வந்துவிட்டது, தெரியுமா? 2023-இல் முதலில் தருமபுரிக்கும் நீலகிரிக்கும்தான் கொடுத்தார்கள். இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி. அந்த வகையில் நம் உதகை டீச்சருக்கும் எனக்கும் ஒரு உறவு. அவர் எழுதியிருக்கும் படகர் வீட்டு அவரை உதக்கா என்ற குழம்பைப் படித்ததும் சிரித்துவிட்டேன். இத்தனை மலை தாண்டி அங்கேயும் அவரைதான்! தோடர் தையலை மாதிரியாகக் கொண்டு அவர் சதுரம் செய்வது நல்ல யோசனை. வெள்ளையில் சிவப்பும் கறுப்பும். ஆனால் அதை வரைந்துகொண்டு தைக்கமாட்டார்கள், துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் தைப்பார்கள். டீச்சருக்குக் கண்ணாடி பவர் கூடியிருக்கிறதே, சமாளிப்பாரா? காரைக்குடி அக்கா வழக்கம்போல் கெட்டிக்காரி. கண்டாங்கிச் சேலையில் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது, வெட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வெள்ளைப் பணியாரம் எழுதியிருக்கிறார், சரி. ஹூப்ளி அக்காவின் இல்கல் சேலைக் கவுதிப் போர்வைத் துண்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்தப் பக்கம் ஓட்டுத்தையல் ஒன்றைத் தவிர வேறெதுவும் போடாமல் போர்வை முழுக்க நிரப்புகிறார்களே, அந்தப் பொறுமை எனக்கு வராது. எங்கள் தெருவில் தெலுங்கு வீட்டுப் பாட்டி ஒருவர் பழைய சேலையை அடுக்கிப் பொந்தை தைப்பார். அவர் ஒரு கோடு போடும் நேரத்தில் நான் நூல் கோத்துக்கொண்டிருப்பேன்.

உன் சதுரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கும்பகோணம் என்றால் கோபுரமா? எல்லாரும் கோபுரம்தான் தைப்பார்கள். தேரில் தொங்குமே தொம்பை, அதைப் பார். துணிமேல் துணி வெட்டி வைத்துத் தைக்கும் வேலையில் நம் தமிழ்நாட்டில் அதை மிஞ்ச ஏதாவது இருக்கிறதா? சிவப்பில் மஞ்சள் தாமரை, ஓரத்தில் வெள்ளை, நடுவில் யாளி. அதைத் தைப்பவர்கள் உன் பக்கத்திலேயே இருக்கிறார்கள். போய் ஒரு நாள் உட்கார்ந்து விளிம்பை எப்படி மடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுது, எனக்கும் உதவும். சமையலுக்கு நீ எழுதியிருக்கும் கும்பகோணம் கடப்பா விஷயத்தில் எனக்கு மறுபேச்சே இல்லை. இட்லிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்று கேட்டிருந்தாய். எங்கள் மாவட்டங்களில் சித்தேரிப் பக்கம் லம்பாடிப் பெண்களின் தையல் பிரபலமாயிற்றே, அதையே என் சதுரத்தில் போடக்கூடாதா என்று. அரூர் தாண்டி, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கி இருக்கிறது. டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-இல் மலைவாழ் மக்களுக்காக ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர். அங்கே தாண்டாப் பெண்கள், அதாவது லம்பாடிக் குடியிருப்புப் பெண்கள், "போர்கை" என்ற பெயரில் சேர்ந்து தைக்கிறார்கள். நடுவில் ஒரு தலைமுறைக்குமேல் விட்டுப்போன தையலை, அது நினைவிருந்த மூத்த பெண்கள் சிலரிடமிருந்து மீட்டுக் கற்றுக்கொண்டார்கள். நான் அவர்கள் தைத்த தலையணை உறை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் அத்தனை சுத்தம். அதைப் பார்த்து நான் காப்பியடிக்கலாம், வரும். ஆனால் அது அவர்கள் வயிற்றுப் பிழைப்பு, எனக்கு இது பொழுதுபோக்கு. அவர்களிடம் ஒரு சதுரம் விலைக்குத் தைத்து வாங்கி நம் போர்வையில் வைப்போம். காசை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். இதை நீ மற்றவர்களிடம் பேசு. நான் பேசினால் சண்டையாகிவிடும்.

என் சதுரம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அடித்துணி என் அப்பாவின் பழைய கதர் ஜிப்பா, செம்மண் நிறம். அதில் குறுக்கே ஓட்டுத்தையலில் நெருக்கமாகக் கோடு, அதுதான் சால். ராகிக் கதிருக்கு முடிச்சுத் தையல். மாட்டுக் கொம்பு வளைவில் ஐந்து விரலும் உள்ளே மடங்கினாற்போல் கதிர் வரவேண்டும், இரண்டு கதிர் வந்துவிட்டது. அவரைக் காய்க்குப் பச்சை வாயில் துணி இரண்டு மடிப்பு. கொட்டை இருக்கும் இடத்தில் மட்டும் உள்ளே துளி இலவம் பஞ்சு வைத்துச் சுற்றிலும் தைத்திருக்கிறேன். தடவிப் பார்த்தால் கொட்டை தெரியும். பூவுக்கு நீ அனுப்பிய ஊதாதான். அந்தத் துண்டுக்காகவே உனக்கு ஒரு படி அவரைக்கொட்டை கடன்பட்டிருக்கிறேன்.

நடுச் சதுரத்துக்கு லாக் கேபின் டிசைன், அதாவது நடுவில் ஒரு சின்னச் சதுரம் வைத்துச் சுற்றிலும் துணிப் பட்டைகளைத் தைப்பது, போடுவதாக எழுதியிருந்தாய். அமெரிக்காக்காரர்கள் அதன் நடுவில் வைக்கும் சிவப்புச் சதுரம் வீட்டு அடுப்பைக் குறிக்கும் என்று சொல்வார்களே, சமையலும் கூடவே வரும் நம் போர்வைக்கு அது பொருத்தம்தான். ஆனால் சிவப்பு வாங்கும்போது ஜாக்கிரதை. போன மாதம் பர்கூர்ப் பக்கம் போயிருந்தேன். அங்கே வரிசையாக மொத்த ஜவுளிக் கடைகள் இருப்பது உனக்குத் தெரியும். ஒரு கடையில் சாயமே போகாது என்று சத்தியம் செய்து ஒரு சிவப்பைக் கொடுத்தார்கள். முதல் அலசலில் பக்கெட் முழுக்கக் குங்குமம். நல்லவேளை தனியாகத்தான் நனைத்தேன். நீ எந்தத் துண்டானாலும் வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பார். வெள்ளையில் கறை ஏறாவிட்டால்தான் அது போர்வைக்குள் வரலாம். எல்லாரிடமும் தைப்பதற்கு முன் துணியை நனைத்துச் சுருங்கவிடச் சொல்லு. ஒருத்தி சொல் கேட்காவிட்டாலும் முதல் சலவையில் மொத்தப் போர்வையும் கோணிக்கொள்ளும்.

உள்ளே வைக்கப் பாலியஸ்டர் பஞ்சு ரோல் வாங்குவதாகச் சொல்லியிருந்தாய், வேண்டாம்டி. நம் வெயிலுக்கு அதைப் போர்த்திக்கொண்டு யார் படுப்பார்கள்? பழைய நூல் சேலை இரண்டு மடிப்புப் போதும். ஊசி சுலபமாக இறங்கும், துவைத்தால் சீக்கிரம் காயும். ஆளுக்கு ஒரு சேலை கேட்டாலே உன்னிடம் மிச்சம் விழும்.

சதுரத்தைத் தபாலில் அனுப்ப மனமில்லை. நீயே வந்து வாங்கிக்கொண்டு போ. சேலம் வந்துவிட்டால் அங்கிருந்து தருமபுரி வழியாக நிமிஷத்துக்கொரு பஸ். ஆனால் தை பிறந்து எருது விடும் விழாக்கள் தொடங்கிவிட்டால் கிராமத்து ரோடெல்லாம் கூட்டம், அவரையும் முற்றிப்போய்விடும். அதனால் பொங்கலுக்கு முன்னாலேயே வரப் பார். கே.ஆர்.பி. அணைக்குப் போய் மீன் வறுவல் சாப்பிடலாம் என்று உன் வீட்டுக்காரருக்கு ஆசை காட்டு, தானாகக் கிளம்புவார். வரும்போது மாமியாருக்குக் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி கொண்டுவா. இங்கே கிடைக்கும் வெற்றிலையைக் குறை சொல்லிச் சொல்லியே அவருக்கு நாள் போகிறது.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கிருஷ்ணகிரிக்காரி

பி.கு.: கடப்பாவுக்குப் பாசிப்பருப்பு எவ்வளவு, உருளைக்கிழங்கு எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை. "தேவைக்கேற்ப" என்று போட்டால் பட்டியலில் சேர்க்கமாட்டேன்.